லின் மேல் ஒட்டியிருந்த பேச்சு

2005 தை மாதம் ஏழாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே உள்ள மேலஊரணிப்பட்டியில், சீனாக்காரர் லின் உடம்பில் இரண்டு வருடம் நாலு மாதமாக ஒட்டியிருந்த பேச்சு உதிரத் தொடங்கியது. முதலில் விழுந்தது இடது புருவத்துக்கு மேலிருந்த ஒரு வெள்ளிச் செதில். பொட்டுக்கடலை அளவுதான் இருக்கும். தரையில் பட்டதும் அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம் வந்தது. உடனே டீக்கடை சங்கையாவின் குரல், “அவனுக்கு எதுக்குலே நல்ல கிளாசு? அந்த ஒடஞ்சதக் குடு” என்றது. சங்கையா அந்த நேரம் இருநூறு அடி தள்ளித் தன் கடையில் வடை தட்டிக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சொன்னது முந்தின நாள். அடுத்த செதில் கழுத்திலிருந்து விழுந்தது. அதில் சங்கையாவின் மனைவி வள்ளித்தாய் பேசியதை இங்கே எழுத முடியாது. பத்து மணிக்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இது எப்படி நடக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரவர் சீனாக்காரர் முன்னால் என்னென்ன பேசினோம் என்று யோசிக்கவே நேரம் சரியாக இருந்தது.

லின் வந்தது 2002 புரட்டாசியில். ஊருக்குக் கிழக்கே இருந்த பட்டாசுக் கம்பெனியின் முதலாளி, வானத்தில் மூன்று தடவை மூன்று நிறமாக விரியும் பேன்சி வெடியைத் தன் ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்க, சீனாவில் பட்டாசே தொழிலான ஓர் ஊரிலிருந்து அவரைக் கூட்டிவந்தார். கூடவே வந்த மொழிபெயர்ப்பாளர் எட்டாம் நாள் வெயில் தாங்காமல் மதுரைக்கு பஸ் ஏறினார், திரும்பவில்லை. அதற்குப் பிறகு கையைக் காட்டியே காரியம் நடந்தது. மருந்தும் திரியும் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் என்பதால் அதில் பெரிய சிரமம் இல்லை. விசா என்று ஒன்று உண்டே, அதற்கு என்ன செய்தார் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை சென்னைக்குப் போய்வந்தார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

அலுமினியப் பவுடரில் புழங்குகிறவர்கள் எல்லாருமே சாயங்காலம் வேனில் ஏறும்போது வெள்ளியாகத்தான் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டால் போய்விடும். லின் மேலிருந்தது போகவில்லை. வாரத்துக்கு வாரம் கூடியது, கையில், கழுத்தில், காது மடலில், அடுக்கடுக்காக. சீனாக்காரன் தோல் அப்படி என்று ஊர் ஒரு முடிவுக்கு வந்து, வெள்ளிச் சீனா என்று பெயர் வைத்துவிட்டது. அது பவுடர் அல்ல, அவர் எதிரில் பேசப்பட்டு அவருக்குப் புரியாமல் போன பேச்சு என்பது அப்போது யாருக்கும் தெரியாது. புரிந்த பேச்சு காதோடு உள்ளே போய்விடும். புரியாதது போக இடமில்லாமல் வெளியிலேயே ஒட்டிக்கொள்ளும். இவ்வளவுதான் விஷயம்.

ஊர் என்ன கொஞ்சமாகவா பேசியது? பாஷை தெரியாத ஆள் என்றால் சுவருக்குச் சமம் என்று நினைத்துவிட்டார்கள். பொண்ணு பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர் அறை முன்னால் உட்கார்ந்துதான் மாப்பிள்ளை வீட்டைக் கிழித்தார்கள். மாமியாரைத் திட்ட வேண்டியவர்கள், கொழுந்தனை நினைத்து அழ வேண்டியவர்கள், வரப்பைத் தள்ளிப் போட்டதைச் சொல்லிச் சிரிக்க வேண்டியவர்கள் எல்லாரும் தேடிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவரையே எதிரில் வைத்துக்கொண்டு அவர் மூக்கை, அவர் சோற்றை, அவரைப் பெற்றவளைப் பேசினார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிச் சிரித்தார். சாமிகூட இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை என்று வள்ளித்தாய் சொன்னதுண்டு. அந்தச் செதில் விழுந்தபோது நானும் கேட்டேன்.

2003 ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, கம்பெனியில் ஏழாம் நம்பர் ரூம் வெடித்தது. ஐந்து பேர் செத்தார்கள். நாலு பேர் அந்த இடத்திலேயே போனார்கள். மருந்து கலக்கிற முனியராஜ் மட்டும் வெளியே தூக்கி எறியப்பட்டு அரைமணி நேரம் உயிரோடு கிடந்தான். அந்த அரைமணி நேரமும் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவர் லின். மற்றவர்கள் தூரத்தில் நின்றார்கள். முனியராஜ் ரூமுக்குள் பீடி பற்ற வைத்ததுதான் காரணம் என்றும், சாகும்போது அவனே தன் வாயால் அதை ஒத்துக்கொண்டான் என்றும் போர்மேன் முத்துப்பாண்டி விசாரணைக்கு வந்தவர்களிடம் சொன்னார். கூட நின்ற எட்டுப் பேரும் ஆமாம் என்றார்கள். செத்தவனின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போனார்கள். நாற்பதாம் நாள் தீபாவளி சீசனுக்குக் கம்பெனி திறந்தது.

முனியராஜின் மனைவி அய்யம்மாள் அன்றிலிருந்து நாலு கொலை செய்தவனின் பெண்டாட்டி ஆனாள். கம்பெனி வேன் அவள் தெருவில் நிற்பதில்லை. குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். செத்த நால்வரில் ஒருத்தி அருணாதேவி, பத்தொன்பது வயது. அவள் அம்மா ராக்காயி தினமும் காலை ஆறு மணிக்கு வந்து அய்யம்மாள் வாசலில் காறித் துப்பிவிட்டுப் போவாள். மழை பெய்தாலும் வருவாள், காய்ச்சல் அடித்தாலும் வருவாள். அய்யம்மாளும் அவள் போன பிறகுதான் வாசல் தெளிப்பாள். அய்யம்மாளுக்குத் தெரியும், தன் புருஷன் வாழ்நாளில் பீடியைக் கையால் தொட்டதில்லை. ஆனால் அவனே ஒத்துக்கொண்டான் என்றால் அவள் எதை வைத்துப் பேசுவாள்? அவன் கடைசியாக என்ன சொன்னான் என்பது மட்டும் தெரிந்துவிட்டால் போதும் என்று இருந்தாள். அது தெரிந்த ஒரே ஆளுக்குத் தமிழ் தெரியாது.

முப்பதாம் நாள் கும்பிடு முடிந்ததும் லின்னைத் தேடிப் போனாள். “அண்ணே, அவுக கடைசியா என்ன சொன்னாக?” என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டிச் சிரிக்கவில்லை, அன்றைக்கு முதல் தடவையாக. மறுநாள் கம்பெனியில் கணக்கை முடித்துக்கொண்டு பெட்டியோடு வந்து, அவள் வீட்டுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த தீப்பெட்டிக் குடோனில் குடியேறினார். ஊர் இதற்கு என்ன பெயர் வைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் அவரை வாசலில் உட்கார வைத்து, வெயிலில் வந்தவராயிற்றே என்று ஒரு தம்ளரை நீட்டி, “தண்ணி குடிக்கிறீகளா அண்ணே? தண்ணி” என்றாள். தம்ளர் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. ஈரத் தம்ளர் வழுக்கிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒன்றரை வருடம் இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினார்கள். அவள் பசை என்பாள், அவர் பசை என்பார். குச்சி, மருந்து, கட்டை விரல், வெயில், ஓணான், ராக்காயி. சொல்லுக்குச் சொல் சேர்ந்தது. ஊரில் அவளோடு பேச யாரும் இல்லாததால் நாள் முழுக்க அவரிடமே பேசினாள், நன்றாகத் திட்டவும் செய்தாள். வாரம் ஒரு தடவை அந்தக் கேள்வியைக் கேட்பாள். அவர் இன்னும் வார்த்தை வரவில்லை என்று கையை விரிப்பார். அந்த ஒரு சொல்லை அவளிடம் சொல்வதற்கு முன்னால் அவருக்கு ஒரு முழுப் பாஷையே தேவைப்பட்டது என்று பிற்பாடு புரிந்தது. தை ஏழாம் தேதி காலையில் அவள், “ஓணான்கூட முத்துப்பாண்டி அண்ணன் மாதிரி தலைய ஆட்டுது, சம்பளம் கேட்டிருப்பாக போல” என்றாள். லின் யாரும் விளக்காமலேயே வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் புருவத்துச் செதில் கழன்றது. அன்றிலிருந்து அவர் தமிழ் எங்கள் தமிழ். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் திருத்தங்கலில் பிறந்து ஆமத்தூரில் பெண் எடுத்தவர் பேசுவது போல இருக்கும்.

மேலே இருந்த செதில் முதலில் விழுந்தது. அதாவது நேற்றுப் பேசியது முதலில், போன மாதம் பேசியது அடுத்து, இப்படிப் பின்னாலேயே போனது. ஒரு நாளைக்கு நாலு நாள் பேச்சு உதிர்ந்தது. மாசி முடிவதற்குள் மூன்று கல்யாணப் பேச்சு முறிந்தது, அண்ணன் தம்பி இரண்டு பேர் வரப்பில் வெட்டிக்கொள்ளப் போனார்கள், வள்ளித்தாய் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். இதையெல்லாம் ஊர் தாங்கிக்கொண்டிருக்கும். ஆனால் முத்துப்பாண்டி ஒரு காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தார். இப்படியே போனால் வைகாசிக் கடைசியில் அந்த ஆடி வெள்ளிக்கிழமை வந்து நிற்கும்.

முதலில் கடையில் லின்னுக்கு அரிசி கொடுக்கக் கூடாது என்றார்கள். அய்யம்மாள் ஏழாயிரம்பண்ணைக்கு நடந்து போய் வாங்கிவந்தாள். சீனா அனுப்பிய உளவாளி என்று மனு எழுதினார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரருடன் லின் அவர் ஊர்ப் பேச்சிலேயே மழை பற்றிப் பேச, அவர் இளநீர் குடித்துவிட்டுப் போனார். கூரையில் கல் விழுந்தது. சித்திரையில் எட்டு ஆண்கள் அவரை ஊரணிக்கு இழுத்துக்கொண்டு போய், பித்தளை அண்டாவைத் தேய்ப்பது போலப் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். ரத்தம் வந்தது, ஒரு செதில்கூடக் கழலவில்லை. பளபளப்புத்தான் கூடியது. “எம்புட்டுத் தேச்சாலும் போகாதுண்ணே, அது நீங்க பேசுனது” என்றார் லின், மூச்சு வாங்கிக்கொண்டு. அவர்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

பிறகு முத்துப்பாண்டிக்கு ஒரு யோசனை வந்தது. அதை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன், ஆளைத்தான் பிடிக்காது. புரியாத பேச்சுதானே ஒட்டும்? பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்களைத் தேடிக் கூட்டிவந்து, குடோன் வாசலில் முறை வைத்து உட்கார்த்தி, காலையிலிருந்து சாயங்காலம் வரை தெலுங்கில் பேசச் சொன்னார். இருபத்தோரு நாள் பேசினார்கள். பயிர், பல்வலி, பங்காளிச் சண்டை என்று வாயில் வந்ததெல்லாம் பேசினார்கள். செதில் புதிதாக மூடியது, பழைய பேச்சு உள்ளே அடங்கியது. ஊர் பொங்கல் வைத்தது. இருபத்திரண்டாம் நாள் லின், பல்வலிக்காரரிடம் கிராம்பு வைத்துப் பார்த்தீர்களா என்று தெலுங்கிலேயே கேட்டார். ஐந்தே நாளில் அத்தனையும் கொட்டித் தீர்ந்தது. அதற்குப் பிறகு யாரிடமும் யோசனை மிச்சமில்லை.

ஆனி இருபத்தெட்டாம் தேதி அந்த நாள் வந்தது. விடிந்ததும் முத்துப்பாண்டி ஆட்களோடு வந்து லின்னை உள்ளே வைத்துக் குடோனைப் பூட்டினார். ஆனால் அன்றைக்குக் கத்திப் பேசிய பேச்சு அதே சத்தத்தோடுதான் உதிரும் என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. ஊர் முழுக்க முப்பதடி தள்ளி நின்றது, இரண்டு வருடம் முன்பு நின்றது போலவே. அய்யம்மாள் மட்டும் பூட்டின கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

பின்னாலிருந்து முன்னாலாக வந்தது. முதலில் முத்துப்பாண்டியின் குரல்.

“சீனாக்காரனுக்கு என்னலே தெரியும்? செவுத்துக்கு என்ன தெரியும்?”

அடுத்தது யாரோ ஒருவன். “சீனாக்காரன் பக்கத்துல இருந்தானேண்ணே?”

“அவனே ஒத்துக்கிட்டான்னு சொல்லிருவோம். செத்தவன் என்ன, எந்திரிச்சு வந்து இல்லைங்கப் போறானா?”

பிறகு தூரத்திலிருந்து கத்துகிற குரல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.

“அங்கன அந்தச் சீனாக்காரன் இருக்கான்ல, அவன் குடுப்பான்!”

“உள்ள இன்னும் மருந்து கெடக்கு. யாரு போறது?”

“ஏலே, தண்ணி கேக்கான்லே!”

அதற்குப் பிறகு ஒரு குரல் வந்தது, தொண்டை வெந்த குரல், ஆனாலும் அய்யம்மாளுக்குத் தெரிந்த குரல். தண்ணி என்றது. தண்ணி, தண்ணி குடுங்க என்றது. அரைமணி நேரத்தில் முனியராஜ் அதைப் பதினேழு தடவை கேட்டிருந்தான். பதினேழு செதிலும் ஒவ்வொன்றாக விழுந்தன. வேறு ஒன்றுமே அவன் சொல்லவில்லை. பீடி என்ற பேச்சே இல்லை. குடிதண்ணீர்ப் பானை அவன் கிடந்த இடத்திலிருந்து நாலடி தள்ளி வேப்பமரத்தடியில் இருந்தது என்பதை அங்கே நின்ற எல்லாருமே அறிவார்கள்.

கடைசியாக, வெடிப்பதற்கு முந்தின பேச்சு, முத்துப்பாண்டியின் குரலில். “ஆர்டர் நிக்கிது. சீனாக்காரன் என்னமோ கத்துதான், விடு. நேத்து மிச்சத்தையும் சேத்துப் போடுங்கலே.” அதற்கும் முன்னால் முனியராஜ், வேகாத தொண்டையோடு. “அண்ணே, ராத்திரித் தூறல்ல அந்த மிச்ச மருந்து நனஞ்சிருக்கு. சுடுதுண்ணே. அவுக அதத் தண்ணியில கொட்டச் சொல்றாக போல.” லின் அன்று காலையில் தன் பாஷையில் கத்தியதை அந்த ரூமில் ஒருத்தன் புரிந்துகொண்டிருந்தான்.

ராக்காயி கூட்டத்திலிருந்து வந்து ஒரு கல்லை எடுத்தாள். எல்லாரும் ஒதுங்கினார்கள். அவள் அந்தக் கல்லால் குடோன் பூட்டை ஐந்தாறு தடவை அடித்து உடைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு முத்துப்பாண்டி வாசலில் காறித் துப்பினாள். அவர் ஊரைக் காலி செய்யும்வரை ஒரு நாள் தவறவில்லை.

கதவு திறந்ததும் அய்யம்மாள் எழுந்து நின்று, “அவுக தண்ணியா கேட்டாக?” என்றாள்.

“ஆமா தாயி.”

“ஒங்களுக்கு இது எப்பத் தெரியும்?”

“நீங்க மொத நாளு தம்ளர நீட்டுனப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுமா ஒன்றரை வருசம் ஏங்கூட தீப்பெட்டி ஒட்டுனீக?”

அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊர் அவளைப் பார்க்க வரவில்லை. மன்னிப்புக் கேட்கவும் யாரும் வரவில்லை. குழாயடியில் மட்டும் அவள் குடத்துக்கு இடம் விட்டார்கள், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. தப்புச் செய்தவர்களுக்கு அந்தத் தப்பைப் பார்த்துவிட்டவளைக் கண்டால் இன்னும் ஆத்திரம் வரும்போல. அவள்மேல் இருந்த வெறுப்பு அப்படியேதான் இருந்தது, காரணம்தான் மாறியிருந்தது.

ஆனால் செதில் நிற்கவில்லை. ஆடி வெள்ளிக்குப் பின்னால் ஆனி இருந்தது, அதற்குப் பின்னால் வைகாசி, பத்து மாதம் பாக்கி இருந்தது. அந்தப் பத்து மாதமும் லின் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் முனியராஜ். நாளுக்கு நாலு நாளாக அவன் பேசத் தொடங்கினான். வேன் லேட் என்று சலித்துக்கொண்டான். சரவெடி பின்னுகிற பெண்களைக் கேலி செய்தான். சினிமாப் பாட்டைத் தப்பாகப் பாடினான். லின் குடோன் வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்ட, அந்தக் குரல் முற்றத்தைத் தாண்டி சாத்தின கதவுக்குப் போனது. நாற்பதாம் நாள், “இன்னைக்கும் கத்திரிக்காதான். எங்க வீட்டுக்காரிக்குக் கத்திரிக்காச் செடிகூட கல்யாணம் பண்ணி வச்சிருக்கணும்” என்று ஒரு செதில் சொன்னது. கதவு திறந்தது. அய்யம்மாள் முகம் வீங்கியிருந்தது. “பொய் சொல்லுதாக. அந்த வாரம் ரெண்டு நாளு மொச்சக்கொட்ட வச்சேன்” என்றாள். அவளும் வந்து உட்கார்ந்து பசைக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள். லின்னோடு பேசவில்லை. புருஷனுக்கு மட்டும் பதில் சொன்னாள்.

புரட்டாசி மூன்றாம் தேதி லின் உடம்பில் ஒரே ஒரு செதில் மிச்சம் இருந்தது, வலது கைக் கட்டை விரல் நகத்துக்குப் பக்கத்தில். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது அதுதான். அவர் இந்த மண்ணில் கேட்டு, புரியாமல் விட்ட முதல் பேச்சு. பதினோரு மணி வெயிலில் அது தீப்பெட்டிமேல் விழுந்து நொறுங்கியது.

“வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல இதக் குடிங்க. தண்ணி. இதுக்குப் பேரு தண்ணி. எங்க, நீங்களும் சொல்லுங்க பாப்போம்.”

முனியராஜ் வேப்பமரத்தடிப் பானையிலிருந்து மொண்டு நீட்டினதும், தான் வாங்கிக் குடித்துவிட்டு, தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு, திருப்பிச் சொல்லாமலேயே உள்ளே போனதும் லின்னுக்கு நினைவு வந்தது. அவர் கை பசையோடு அப்படியே நின்றது. கண்ணிலிருந்து வந்தது தாடையில் வழிந்தது. வெள்ளி இல்லாத தாடையை அய்யம்மாள் அன்றுதான் முதலில் பார்த்தாள்.

“தண்ணி” என்றார் லின், மூன்று வருடம் கழித்து.

அய்யம்மாள் எழுந்து உள்ளே போய், ஒரு சொம்பு நிறைய மொண்டுகொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

லின் அங்கேயேதான் இருந்தார். ஊர் அவரோடு பேசியதில்லை, பேசாமல் இருப்பதில் அவர்களுக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது. 2008 வாக்கில் வடக்கேயிருந்து கம்பெனிகளுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவர்கள். மேலஊரணிப்பட்டியில் அவர்களிடம் பெயர், ஊர், சாதி எதையும் முதலில் கேட்பதில்லை. சிரிப்பதும் இல்லை. பானைக்கு முன்னால் நிறுத்தி, விரலை நீட்டி, கோபமாக அந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வந்தவன் அதைத் தெளிவாகத் திருப்பிச் சொல்லும்வரை அவன் எதிரில் யாரும் வாயைத் திறப்பதில்லை.